ட்வின் ஷேரிங்

தனியாக வருகிறவர்களுக்கு
அறைக்கு இருவர் என்று
அயனாவரம் அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள்.
தனி அறை வேண்டுமென்றால்
பதினோராயிரத்து ஐந்நூறு கூடுதல்.
என் பென்ஷனை ஒருமுறை மனசுக்குள் கேட்டுவிட்டு
சரி, யாரோ ஒருத்தி, என்றேன்.

அந்த யாரோ ஒருத்தி
சென்ட்ரலில் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டியபடி
"எம் பேரு எப்சிபா. ராத்திரி லைட் எரியணும்" என்றாள்.
எனக்கு இருட்டு வேண்டும்.
பன்னிரண்டு ராத்திரி.

ஹரித்வாரில்
பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவை
ஒரு சாண் திறந்து வைத்தோம். அதுதான் ஒப்பந்தம்.
டேராடூனில் அரைச் சாண்.
காங்க்ராவில்
யார் திறந்தது யார் மூடியது, நினைவில்லை.

மேனேஜர் தணிகைவேல் விசில் ஊதினால்
பஸ்ஸுக்குள் நாங்களே எண்ண வேண்டும்.
நான் இருபத்திரண்டு. அவள் இருபத்திமூன்று.
யமுனைக்கரை குருத்வாராவில்
தலையில் கட்டிய துண்டை அவிழ்க்க மறந்து ஏறியபோதும்
பைஜ்நாத் கோயிலில் செருப்பு மாறியபோதும்
என் குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு
அவள் குரல் வந்தது.

காங்க்ரா ஓவியங்களுக்குக் கால்மணி நேரம்.
உள்ளங்கை அகலத் தாளில் மேகம், கொக்கு,
மாடத்தில் யாருக்கோ காத்திருக்கும் பெண்.
"வெறுங்காலோட நிக்கிறா பாரு, குளிராது?"
என்றாள் எப்சிபா.
கைடு சொன்ன ராஜாக்கள் எல்லாம் போய்விட்டார்கள்.
அந்த வெறுங்கால் மட்டும் இருக்கிறது.

பனிமலையா? பார்த்தேன்.
ஒரு விடியலில் தௌலாதார் ஜன்னலுக்கே வந்தது.
அவள் பல் செட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
நான் கூப்பிடவில்லை.
பல் இல்லாமல் அவளை யாரும் பார்க்கக் கூடாது
என்பது இன்னொரு ஒப்பந்தம்.
வாய் துடைத்து வந்தபோது மேகம் மூடியிருந்தது.
"எங்க?"
"இப்பத்தான் போச்சு."

எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று தெரியும்.
தூக்கத்தில் "ஜெரால்டு, கதவச் சாத்து" என்பாள், தெரியும்.
ஜெரால்டு யாரென்று கேட்டதில்லை.
வீடு?
கல்மண்டபத்துல எறங்கிக் கேளு, சொல்லுவாங்க.
அவ்வளவுதான்.

கொளத்தூர் வந்து பெட்டியைப் பிரித்தால்
மூலையில் அவளுடைய கம்பளிக் காலுறை.
ஒற்றை.
பாலம்பூர் மழையில் நனைந்து
மூன்று நாள் காயாமல் ஹீட்டர் மேலேயே கிடந்து
சண்டை மூட்டிவிட்ட அதே பழுப்பு.
துவைத்து மொட்டை மாடியில் போட்டேன்.
கத்திரி வெயில்.
கிளிப்பை எடுத்துவரத் திரும்புவதற்குள்
அப்பளமாகிவிட்டது.

வில்லிவாக்கத்தில் ஒரு சின்ன ஹாலில்
எல்லோரும் மறுபடி கூடினார்கள்.
திரையில் போட்டோக்கள்; பாதியில் தணிகைவேலின் கட்டை விரல்.
சாப்பாட்டுக்கு முன் விளையாட்டாக விசில் ஊதினார்.
இருபத்தொன்று.
இருபத்திரண்டு, என்றேன்.
ஏசி சத்தம் மட்டும்.
பிறகு யாரோ இருபத்திநாலு என்று
காலி இலையைத் தாண்டும் சாம்பார் வாளியாய்
அவசரமாகக் கடந்து போனார்.

காலுறை என் கைப்பையில்தான் இருந்தது.

மறுநாள் கல்மண்டபம்.
கருவாட்டு வாடையும் துறைமுகத்து லாரிகளும்.
"யாரு, டைப்பிங் மிஸ்ஸா? மூணாவது சந்து" என்றார்
டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.
அவள் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரியும்.

நைட்டியோடு கதவைத் திறந்தவள்
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.
விரல்களுக்குப் பின்னாலிருந்து
"செட் ஒடஞ்சிடுச்சி. அதான் நேத்து வரல" என்றாள்.
நான் காலுறையை நீட்டினேன்.
பார்த்தாள்.
"ஐயய்யோ, இதோட ஜோடிய
திங்கக்கெழமதான் குப்ப வண்டில போட்டேன்."
சொல்லும்போது கை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

உள்ளே ஒரு நாற்காலியில் துணிகளை ஒதுக்கினாள்.
"ஃபேன் எத்தனைல வைக்கட்டும்?"
மூன்று, என்றேன்.
இரண்டில் வைத்தாள்.